ஐந்தாவது பெயர்

சாரி-பெல்
14 மே 2008

எர்மெக் அண்ணாவுக்கு,

மீரிம் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி நலம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. மேட்டு வயலில் பனி இன்னும் உருகவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போனிலேயே கேள் என்றார் அம்மா. தபால் நிலையத்துப் போனில் நான் வாயைத் திறந்தால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வார்த்தை வராது. அதனால் சுரங்கத்துப் பேருந்து ஓட்டும் குபாத்திடம் இதைக் கொடுக்கிறேன். தலைநகர் பிஷ்கேக்கில் உங்கள் சுரங்கக் கம்பெனி ஆபீசில் சேர்த்துவிட்டால் கம்பெனித் தபாலோடு டொராண்டோ வந்துவிடும் என்கிறான்.

கடைக்காரி காலியா ஒரு செய்தித்தாளைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். கம்பெனியில் அதிகச் சம்பளம் வாங்கும் ஐந்து பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. முதல் நான்கும் வெளிநாட்டுக்காரர்கள். ஐந்தாவது நீங்கள். பெயருக்கு எதிரே ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர் என்று போட்டிருக்கிறது. காலியா அதன் கீழே பேனாவால் கோடு போட்டிருக்கிறாள்.

நான் உப்பு வாங்கப் போயிருந்தேன். "ஏண்டி மீரிம், உப்புக்கு நீ எதுக்கு நடந்து வர்ற? உங்க அண்ணன் பிளேன்ல இருந்து போட மாட்டானா?" என்றாள். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். உப்பு வாங்காமலே திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். மூன்று கிண்ணம் டீ குடித்தார். பிறகு அம்மாவிடம், "அண்ணி, எர்மெக் அங்க ரொம்பக் கஷ்டப்படறான்னு சொல்லிட்டே இருந்தீங்க. அந்தக் கஷ்டத்துல கொஞ்சம் எம்மவனுக்கும் வாங்கித் தாங்களேன்" என்றார். அம்மா நாலாவது கிண்ணத்தை ஊற்றினார். உங்கள் சம்பளம் சோப்பு வாங்கத்தான் காணும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குளிர்காலத்தில் நிலக்கரிக்குப் பணம் இல்லை, அம்மாவால் நடக்க முடியவில்லை. உங்களுக்கும் சிரமம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது நிஜமா என்று மட்டும் எழுதுங்கள்.

மீரிம்


டொராண்டோ
2 ஜூன் 2008

அன்பு மீரிம்,

ஆறு லட்சம் டாலர்காரன் எழுதுகிறேன். உன் கடிதத்தை ரைக்கானுக்குப் படித்துக் காட்டினேன். "மீதிப் பணத்தை எந்த வீட்ல வச்சிருக்கீங்க?" என்று உன் அண்ணி கரண்டியோடு வந்து நின்றாள். அவளுக்கே நான் அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.

இந்த ஊர்ச் சட்டம் இப்படி. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கிற கம்பெனி எதுவானாலும், மேலிடத்தில் இருக்கும் ஐந்து பேருக்கு என்ன கொடுக்கிறது என்று பெயர் போட்டு வருடா வருடம் அச்சடித்தாக வேண்டும். மறைக்க முடியாது. எங்கள் ஐந்தாவது ஆள் போன வருடம் விலகினார். அடுத்த இடத்தில் நான் இருந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

அந்தத் தொகையில் என் கைக்கு வருவது கால்வாசிகூட இல்லை. வரியும் வீட்டு வாடகையும் போனால் சோப்பு என்று அம்மா சொல்வது பெரிய பொய்யல்ல. மற்றதெல்லாம் பங்குகள். அதை எப்படிச் சொல்ல? ஒருவன் தன் குதிரைக் கூட்டத்தில் ஒரு குட்டியைக் காட்டி, "இது உனக்கு" என்கிறான். நீ அதில் ஏற முடியாது, விற்க முடியாது. மூன்று வருடம் கழித்து அவனுக்கு உன்மேல் கோபம் இல்லாமல், ஓநாயும் வராமல் இருந்தால் கொடுப்பான். ஆனால் வளர்ந்த குதிரையின் விலையை இன்றைக்கே என் பெயருக்கு எதிரே எழுதச் சொல்கிறது சட்டம்.

இதை அம்மாவிடம் சொல். அவர் மற்றவர்களிடம் சொல்லட்டும்.

உன் படிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வருடம் உண்மையிலேயே எனக்குக் கஷ்டம். கொஞ்சம் முயன்றிருக்கலாம். இலையுதிர்காலத்தில் உன்னைப் பிஷ்கேக்கில் தையல் வகுப்பில் சேர்க்கிறேன், பேச்சு மாறமாட்டேன்.

இப்போது என் தலைவலியெல்லாம் பாதைதான். ஆக்-கெச்சு ஊர்ச் சபைக்காரர்கள் சுரங்கத்து லாரிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தத் தலைவர் சதார்குல் லேசான ஆள் இல்லை.

எர்மெக்


சாரி-பெல்
29 ஜூன் 2008

அண்ணா,

குதிரைக்குட்டிக் கதையை அம்மா எல்லாரிடமும் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம். "அப்ப டாலர் மட்டும் இல்ல, குதிரைக் கூட்டமும் இருக்குதா?" என்று சித்தப்பா கேட்டார். கனடாவில் உங்களுக்கு நானூறு குதிரைகள் மேய்கின்றன என்று இப்போது மேலத்தெருவில் பேசுகிறார்கள்.

போன வாரம் ஒரு சாவு விருந்து. எல்லாரும் வழக்கம்போல ஆட்டுக்குப் பணம் போட்டார்கள். அம்மா கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "நீங்க ஆடு போடுற வீடா? குதிரை போடுற வீடாச்சே" என்றார்கள். அம்மா சாப்பிடாமல் வந்துவிட்டார்.

நேற்று ஆக்-கெச்சுவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். சதார்குலின் மனைவி. இந்தப் பக்கம் வந்தேன், தாகமாக இருந்தது என்றார். அங்கிருந்து இங்கே வருவதற்குள் பதினான்கு வீடுகள் இருக்கின்றன, தண்ணீர் இல்லாத வீடு எது என்று தெரியவில்லை. நான் டீ ஊற்றும்போது என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "வேலை செஞ்ச கைதான்" என்றார். "பேசவே மாட்டியா? நல்லது" என்றார். போகும்போது வாசலில் நின்று என்னை மேலிருந்து கீழே பார்த்தார். சந்தையில் ஆடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவருக்குத் தாலாய் என்று ஒரு மகன் இருக்கிறான். இதுவரை எங்கள் வீட்டை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன பயம் என்று உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான், தூக்கிப்போய் மருமகளாக்கிவிடுவார்கள் என்று. இலையுதிர்காலம் வரை வேண்டாம், இப்போதே என்னைப் பிஷ்கேக்குக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்கும்வரை யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவிக்கொண்டு இருப்பேன்.

மீரிம்


டொராண்டோ
20 ஜூலை 2008

மீரிம்,

உன் கடிதம் தாமதமாகத்தான் கையில் கிடைத்தது. நான் பயணத்தில் இருந்தேன்.

பயப்படாதே. காலம் மாறிவிட்டது. என் தங்கையைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது. பிஷ்கேக்கில் இருக்கும் என் வீட்டில் செப்டம்பர் வரை வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காலி செய்ததும் உன்னை வரவழைக்கிறேன். இன்னும் ஆறு வாரம்தான்.

சதார்குலின் மனைவி வந்ததை வேறு மாதிரி எடுத்துக்கொள். பேச்சுவார்த்தை நடக்கிறதல்லவா, நல்லெண்ணத்துக்காக வந்திருப்பார். மறுபடி வந்தால் மரியாதையாக நடந்துகொள், நல்ல டீயாக ஊற்று. அது எனக்கும் உதவியாக இருக்கும்.

எர்மெக்


ஆக்-கெச்சு
19 ஆகஸ்ட் 2008

அண்ணா,

இது சதார்குலின் வீட்டிலிருந்து எழுதுவது. ஊர் மருத்துவ நிலையத்து நர்ஸ் புருல் அக்கா மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வருகிறார். அவர்தான் பேப்பர் கொடுத்தார், அவர் மூலமாகத்தான் அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகள் வந்து, புதுத் துணி வெட்டக் கை கொடு என்று கூப்பிட்டாள். தெருமுனையில் ஒரு கார் நின்றது. அதிலிருந்த நான்கு பேர் என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவள் காரில் ஏறவில்லை. எனக்குத் தெரியாது எனக்குத் தெரியாது என்று தெருவில் நின்று அழுதாள். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாள். அவள் தம்பிக்கு இப்போது ஆக்-கெச்சு சபையில் காவல் வேலை.

இங்கே திரைக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். பெண்கள் மாறி மாறி வந்து தலையில் மருமகளுக்கான வெள்ளை முக்காட்டைப் போட்டார்கள், நான் இழுத்து எறிந்தேன். எத்தனை முறை என்று தெரியவில்லை. கத்தவும் செய்தேன். நானா கத்தினேன் என்று இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை. "அழு, அழு. நாங்களும் அழுதவங்கதான்" என்று ஒருத்தி என் முதுகைத் தடவினாள். நான் எழுந்து ஓடியபோது வீட்டுக் கிழவி வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டார். "என்னத் தாண்டிப் போடி பாக்கலாம். தாண்டினா நீ வெளங்க மாட்ட" என்றார். பெரியவர்களைத் தாண்டக் கூடாது என்று நமக்கு எப்படிச் சொல்லி வளர்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் தாண்டவில்லை.

மறுநாள் காலை அம்மா வந்தார். கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி இங்க தங்கிட்டியே கண்ணு. இனி கூட்டிட்டுப் போனா ஊர் என்ன சொல்லும்?" என்றார். முக்காட்டை அவரே சரிசெய்துவிட்டுப் போனார்.

எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அதனால் சட்டத்தில் கேட்க எதுவுமில்லை என்று ஊர்ப் போலீஸ்காரர் கல்யாண விருந்தில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். முதல்முதலாக எனக்கு வயது சொன்ன அரசாங்கம் அவர்தான்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். விருந்தில் ஐந்து பெரியவர்கள் முன்னால் சதார்குல் சொன்னார்: "இவ அண்ணன் பெரிய மனுஷன். அவன் 'அனுப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே வண்டியில ஏத்தி அனுப்பறேன். வேற யார் சொன்னாலும் இவ இந்த வீட்டு மருமக." பெரியவர்கள் கேட்டார்கள். இனி அவரால் மாற்ற முடியாது.

நீங்கள் வர வேண்டியதுகூட இல்லை, அண்ணா. ஒரு காகிதத்தில் அந்த ஒரு வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மீரிம்


டொராண்டோ
15 செப்டம்பர் 2008

மீரிம், என் கண்ணே,

இதற்கு முன் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் அந்த ஆளை என்ன செய்வேன் என்று எழுதியிருந்தேன். அதை அனுப்பியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

ரைக்கான் என்னோடு பேசுவதில்லை. "இன்னும் டிக்கெட் போடலையா?" என்று காலையில் ஒரு முறை கேட்கிறாள், ராத்திரி ஒரு முறை கேட்கிறாள்.

உன்னை அடிக்கிறார்களா? உண்மையைச் சொல்.

அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. நான் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஆனால் சதார்குல் ஏன் என்னை மட்டும் சொல்லச் சொல்கிறார் என்று யோசித்தாயா? நான் சொன்ன மறுநாள் பாதை ஒரேயடியாக அடைபடும். அவர் வாக்கைக் காப்பாற்றிய பெரிய மனிதர் ஆகிவிடுவார், நான் அவரை அவமானப்படுத்தியவன் ஆகிவிடுவேன். மேலே சுரங்கத்தில் முந்நூற்று ஐம்பது பேர் வேலை செய்கிறார்கள். பாதி நம் ஊர்க்காரர்கள். கம்பெனி வக்கீலிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். பேச்சுவார்த்தை முடியும்வரை சபைத் தலைவரோடு எந்தச் சொந்தத் தகராறும் கூடாது என்கிறார்.

குளிர்காலத்துக்குள் முடிந்துவிடும். முடிந்த அன்றே சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். நீ சின்ன வயதிலிருந்தே பொறுமைசாலி.

எர்மெக்


ஆக்-கெச்சு
12 அக்டோபர் 2008

அண்ணா,

அடிக்கிறார்களா என்று கேட்டீர்கள். மாமனார் அடிப்பதில்லை.

இங்கே எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். முதலில் ஜீப் வரும் என்றார்கள். பிறகு தாலாய்க்குச் சுரங்கத்தில் ஆபீஸ் வேலை வரும் என்றார்கள். இப்போது மாமனார் ரேடியோவில் உலகத்தில் எல்லாக் கம்பெனிகளின் விலையும் விழுகிறது என்று கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "உங்க அண்ணனோட காகிதமும் விழுந்துச்சாமே. உனக்குத் தெரியுமா?" எனக்கு என்ன தெரியும்? குதிரைக்குட்டிக் கதையைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு தாலாய் தினமும், "கோடீஸ்வரன் தங்கச்சி, குட்டி செத்துப்போச்சாமே? நீயாவது தண்ணி கொண்டா" என்கிறான். எங்களை ஏமாத்திட்டாங்க என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்கிறார். இவர்களை யார் ஏமாற்றினார்கள்? சுவரில் ஒட்டிய பேப்பரைப் படித்துவிட்டு இவர்களாக வந்தார்கள்.

இப்போது அவர்களுக்கே நான் அவ்வளவு வேண்டியதில்லை. நீங்கள் சொன்னால் சுலபமாக விட்டுவிடுவார்கள். நான் எல்லாவற்றையும் கவனித்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு வார்த்தை, அண்ணா.

மீரிம்


டொராண்டோ
28 நவம்பர் 2008

அன்பு மீரிம்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே ஆபீசில் பாதி நாற்காலிகள் காலி. என் பங்குகள் இப்போது அச்சடித்த காகிதத்தின் விலைகூடப் பெறாது. அதனால் நான் அழவில்லை, நீ அதைப் படித்துச் சிரித்தால் போதும்.

ஊருக்கு வர லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. கோடைக்குப் பிறகு என்னால் இங்கிருந்து நகர முடியவில்லை. பனி விழுந்துவிட்டது, இனி வந்தாலும் கணவாயைக் கடக்க முடியாது. வசந்தத்தில் கட்டாயம் வருகிறேன்.

குபாத்திடம் உனக்கு ஒரு கம்பளிக் கோட்டும், நீலத் துணி ஐந்து மீட்டரும் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். உன் மாமனார் மோசமான மனிதர் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். உன்னை மரியாதையாக வைத்திருப்பதாகக் கேள்வி.

எர்மெக்


ஆக்-கெச்சு
8 பிப்ரவரி 2009

அண்ணா,

கோட்டு வந்தது. மாமியார் போட்டுக்கொள்கிறார். துணி வரவில்லை.

நவம்பரில் மாமனார் ஒரு வாரம் பிஷ்கேக் போய்விட்டு வந்தார். புதுக் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். டிசம்பரிலிருந்து லாரிகள் ஓடுகின்றன. என் சன்னலை ஒட்டித்தான் போகின்றன, கண்ணாடி அதிரும். பாதை திறந்துவிட்டது என்றால் நீங்கள் சொன்ன நாள் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

உங்கள் வார்த்தை வந்ததா என்று மாமனாரிடம் புருல் அக்காவை விட்டுக் கேட்டேன். "அதெல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றாராம்.

யார் யாரிடம் பேசி முடித்தார்கள்?

மீரிம்


டொராண்டோ
11 மார்ச் 2009

மீரிம்,

அவர் என்ன நினைத்து அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒப்பந்தத்தை பிஷ்கேக் ஆபீஸ் ஆட்கள்தான் முடித்தார்கள். நான் காகிதங்களை இங்கிருந்து பார்த்ததோடு சரி.

கணவாய் திறக்கட்டும். நேரில் பேசுவோம்.

எர்மெக்


நாரின்
3 ஜூன் 2009

அண்ணா,

கம்பெனியின் இந்த வருடத்து அறிக்கை எங்களுக்கு வந்தது. மாமனாருக்கு பிஷ்கேக் ஆபீஸிலிருந்து யாரோ அதை நம் மொழியில் எழுதியே அனுப்பியிருந்தார்கள். ஆக்-கெச்சுவின் பெயர் கனடாவில் அச்சாகியிருக்கிறது என்று அவர் ஒரு ஆடு அடித்தார். பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் முதலில் விதியைச் சொன்னார். போன வருடம் வரை எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதினால் ஏறக்குறையப் போதுமாம். இந்த வருடத்திலிருந்து எதற்காகக் கொடுத்தோம் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கமாக எழுத வேண்டுமாம். பிறகு உங்கள் பெயர் வந்தது. வாத்தியாரை இரண்டாம் முறையும் படிக்க வைத்தார் மாமனார். அதனால் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது:

"எர்மெக் துலேயெவ் நவம்பர் மாதம் பிஷ்கேக்கில் ஆறு நாட்கள் நேரில் தங்கி, பாதை ஒப்பந்தத்தை முடித்து வைத்தார். உள்ளூர்த் தலைமையோடு அவருக்குள்ள தனிப்பட்ட உறவு இதற்குப் பெரிதும் துணை செய்தது. இதற்காக அவருக்கு நாற்பத்தெட்டாயிரம் டாலர் ரொக்கமாக வழங்கப்பட்டது."

மாமனார் தொடையில் தட்டிக்கொண்டு, "கேட்டீங்களா? தனிப்பட்ட உறவாம்! அது நான்தான்யா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாலாயும் சிரித்தான். நான் கெட்டிலை வைத்துக்கொண்டு நின்றேன்.

மருமகள் பெரியவர்கள் முன்னால் குரல் எடுக்கக் கூடாது. நான் எந்த வீட்டிலும் குரல் எடுத்ததில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு எடுத்தேன்.

"மாமா, எங்க அண்ணன் பிஷ்கேக் வந்திருந்தாரா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை, கெட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"வந்தானே. எனக்கு எதிர்லதான் உக்காந்திருந்தான். ஒரே தட்டுல சாப்பிட்டோம். ஏன், உனக்குத் தெரியாதா?"

"என்னப் பத்திக் கேட்டாரா?"

"கேக்காம இருப்பானா? வந்ததும் அதத்தான் கேட்டான். 'நல்லா இருக்காளா?'ன்னான். நல்லா இருக்கான்னேன். இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான்னு அவன் வாயவே பாத்துட்டிருந்தேன். சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேம்மா, பொய் சொல்லல. அஞ்சு பேருக்கு முன்னால குடுத்த வாக்கு. அவன் பேனாவ எடுத்து எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டினான். நானும் போட்டேன்."

"அவர் சொல்லல. நான் சொல்றேன். என்னை அனுப்புங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "நீ சொன்னா ஆச்சா? டீ ஆறுது பாரு" என்றார். வாத்தியார் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

நான் எல்லாருக்கும் ஊற்றி முடித்தேன். மூன்றாம் நாள், மாமியாருக்கு மருந்து வாங்கி வரச் சொல்லி என்னை மருத்துவ நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தடுப்பூசி கொண்டுவரும் ஜீப் நின்றிருந்தது. புருல் அக்கா ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். "நான் பாக்கல" என்று டிரைவரிடம் மட்டும் சொன்னார்.

முதலில் நம் வீட்டுக்குத்தான் போனேன். அம்மா சன்னலில் நின்றார். என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே சித்தப்பாவின் குரல் கேட்டது. சித்தப்பா மகனுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்துவிட்டதாக டிரைவர் பிறகு சொன்னார். அம்மாவை நான் திட்டவில்லை, நீங்களும் இதற்காக அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அந்த உரிமை இல்லை.

இப்போது நாரின் நகரத்தில் இருக்கிறேன். இடத்தை எழுதப்போவதில்லை. தாலாயும் இன்னும் இரண்டு பேரும் பஜாரில் என்னைத் தேடிவிட்டுப் போனார்கள். மறுபடி வருவார்கள். பகலில் நான் தெருவுக்குப் போவதில்லை.

நான் உங்களைப் பற்றி நிறைய யோசித்தேன். வக்கீல், பாதை, முந்நூற்று ஐம்பது பேர் என்று நீங்கள் எழுதியபோது நம்பினேன். லீவு கிடைக்கவில்லை என்றதையும் நம்பினேன். ஒரு தங்கைக்கு அண்ணன் உண்மை எழுத வேண்டும் என்று எங்கேயும் விதி இல்லை. பங்கு வாங்கும் முன்பின் தெரியாத ஆட்களுக்கு எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது, அதனால் அவர்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த விதியை யார் போட்டார்களோ, அவர்கள் என்னை நினைத்துப் போட்டிருக்கமாட்டார்கள். போன வருடம் அந்தப் பேப்பர் இல்லாவிட்டால் என்னைத் தூக்கியிருக்கமாட்டார்கள். இந்த வருடம் அது இல்லாவிட்டால் நான் இன்னும் அங்கே நீங்கள் சொன்ன வசந்தத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். அதை நல்லது என்று சொல்வதா கெட்டது என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். நீங்கள் காட்டமாட்டீர்கள் என்பதால் அவர் பெயருக்குத் தனியாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன், கம்பெனித் தபாலில் இல்லை.

பணம் அனுப்ப வேண்டாம். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதையும் உங்கள் ஊர் விதிப்படியே எழுதிவிடுகிறேன். பெயர் மீரிம் துலேயெவா. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு சோம், கையில் கொடுக்கிறார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுவதற்காகக் கொடுக்கிறார்கள். வேறு எதற்காகவும் இல்லை.

மீரிம்